பழைய ஜீப் ரேடியேட்டரில் துருத் தண்ணீர்: கம்பம், குமுளிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பத்தில் பழைய ஜீப் வேலை பார்க்கும் சின்னப் பட்டறை என்னுடையது. விடியும் முன்பே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மேட்டுக்குப் போகும் வண்டிகள்தான் பெரும்பாலும் வரும். கூடலூர், போடிக்காரர்களும் வருவார்கள். குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டத்திலிருந்தும் இறங்கி வருவார்கள். துரு என்பார் ஒருவர், துரும்பு என்பார் மலையாளம் பேசும் இன்னொருவர். பானட்டைத் திறந்ததும் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவற்றை அவர்கள் கேட்டபடியே போட்டு, பட்டறையில் சொல்லும் பதிலை இங்கே எழுதியிருக்கிறேன்.

அண்ணே, ரேடியேட்டர் தண்ணி டீ மாதிரி செவப்பா இருக்கு. இது துருவா, சேறா?

என்ஜின் நன்றாக ஆறிய பிறகு ஒரு கண்ணாடி டம்ளரில் அந்தத் தண்ணீரை எடுத்து, ஒரு மணி நேரம் ஆடாமல் வையுங்கள். அடியில் செம்மண் மாதிரி மெல்லிய பொடி படிந்தால் பெரும்பாலும் துரு. மழைக்காலத்தில் வழியில் ஓடும் ஓடைத் தண்ணீரை ஊற்றிய வண்டி என்றால் சேறாகவும் இருக்கலாம். சந்தேகமாக இருந்தால் அந்தப் படிவை வெந்நீரில் போட்டு ஒரு சிட்டிகை சிட்ரிக் ஆசிட் சேர்த்துப் பாருங்கள். துரு மெதுவாகக் கரைந்து தண்ணீர் மஞ்சளாகும். சேறு சேறாகவே கிடக்கும்.

படிவு கறுப்பாக இருந்து காந்தத்தில் ஒட்டினால் அதுவும் துருதான். காற்று குறைவாகக் கிடைத்த இடத்தில் உண்டானது. வெள்ளைச் சில்லுகள் உப்புக் காரை. பால் காபி நிறத்தில் கொழகொழவென்று மேலே ஒட்டியிருந்தால் எண்ணெய் கலந்திருக்கிறது. அதற்கு வழி வேறு, கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

வண்டி ஓடத்தான செய்யுது. அப்படியே விட்டா என்ன ஆகும்?

சமவெளியில் பல நாள் ஒன்றும் ஆகாது. அதனால்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் தட்டைக் குழாய்களின் உள் இடைவெளி சுமார் 2 மில்லிமீட்டர்தான். துருப்பொடி ஒவ்வொரு குழாயாக அடைத்துக்கொண்டு வரும். கால்வாசிக் குழாய் அடைத்தாலும் தேனி ரோட்டில் ஹீட் முள் அசையாது. மேட்டில் இரண்டாவது கியரில் ஆள் பாரத்தோடு ஏறும்போதுதான் தெரியும்.

அதைவிட மோசமானது என்ஜினின் இரும்பு உடலான பிளாக்குக்குள் நடப்பது. வாட்டர் பம்ப் முன்னால் இருக்கிறது. பின்பக்கம் போகப்போக ஓட்டம் தளரும், பொடி அங்கே போய்ப் படியும். கடைசி சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் இருக்கவேண்டிய இடத்தில் சேறு நிற்கும். ஹீட் மீட்டரின் சென்சார் பெரும்பாலும் முன்பக்கம் இருப்பதால் அந்தச் சூட்டை அது காட்டாது. பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட் போன பிறகு, ஹெட்டைக் கழற்றிப் பார்க்கும்போதுதான் கண்ணில் படும்.

கீழ கொதிக்காத வண்டி மேட்டுல மட்டும் ஏன் கொதிக்குது?

பாரம் ஒரு காரணம், மெதுவாகப் போவதால் காற்று குறைவது இன்னொன்று. மூன்றாவது பலருக்குத் தெரியாது. உயரம் கூடினால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். குமுளி சுமார் 900 மீட்டர் உயரம், அங்கே 97 டிகிரியில் கொதிக்கும். போடிமெட்டு சுமார் 1,400 மீட்டர். 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே போகும்போது கொதிநிலை 95 ஆகியிருக்கும்.

இதை ஈடுகட்டத்தான் ரேடியேட்டர் மூடியில் ஸ்பிரிங் இருக்கிறது. 0.9 பார் அழுத்தம் பிடிக்கும் மூடி கொதிநிலையை ஏறக்குறைய 20 டிகிரி உயர்த்தும். பழைய ஜீப்புகளில் இதைவிடக் குறைந்த மூடிகளும் உண்டு. வண்டிக்கு எந்த எண் சொல்லப்பட்டிருக்கிறதோ அதைத்தான் போடவேண்டும். கூடுதல் எண் போட்டால் பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்று விட்டுப்போகும். ரப்பர் வெடித்த மூடியோடு எத்தனையோ வண்டி மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது. துருவைக் கழுவும் முன் அந்த மூடியை மாற்றுங்கள்.

எங்க ஊரு போர் தண்ணிதான் காரணமா? மேல ஓடைத் தண்ணி நல்ல தண்ணிதானே?

போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பு கூடியது, அது வெள்ளைக் காரை கட்டும். மலை ஓடைத் தண்ணீரில் உப்பு குறைவு, காரை கட்டாது. ஆனால் பாறையில் விழுந்து வரும் தண்ணீரில் காற்று நிறையக் கரைந்திருக்கும். இரும்பும் தண்ணீரும் காற்றும் சேர்ந்தால்தான் துரு. ஆகவே காரைக்கு போர் தண்ணீர் என்றால், துருவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒருமுறை ஊற்றிய தண்ணீரில் இருக்கும் காற்று சீக்கிரம் தீர்ந்துவிடும், அப்புறம் துருவும் மெதுவாகும். தினமும் அரை பாட்டில் புதுத்தண்ணீர் ஊற்றும் வண்டியில்தான் தினமும் புதுத் துரு. எங்கே போகிறது அந்த அரை பாட்டில் என்று கண்டுபிடிக்காமல் கழுவுவது வீண்.

கழுவ ஆரம்பிக்கும் முன்ன எதெதப் பாக்கணும்?

ஆறிய வண்டியில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி குமிழியாக நிற்காமல் வந்தால் கேஸ்கட் வழியாகப் புகை தண்ணீருக்குள் வருகிறது. அதைச் சரிசெய்யாமல் கழுவக்கூடாது. வாட்டர் பம்பின் அடியில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும், அதில் ஈரம் தெரிந்தால் பம்ப் சீல் போய்விட்டது. ஓஸ்களைக் கையால் அமுக்குங்கள். உள்ளே நொறுநொறுவென்று கேட்டாலோ, பஞ்சு மாதிரி அமுங்கினாலோ புது ஓஸ் வாங்கி வையுங்கள். எல்லாம் ஓட்டை என்றால் முதலில் அதைப் பாருங்கள், துரு ஒரு வாரம் காத்திருக்கும்.

வெறும் தண்ணியில அலசினா போதாதா?

தண்ணீர் சிவந்திருக்கிறது, ஆனால் குழாயில் இன்னும் காரை பிடிக்கவில்லை என்றால் போதும். பலர் ரேடியேட்டர் அடியில் இருக்கும் குழாயை மட்டும் திறந்து விட்டுவிட்டு, கழுவியாச்சு என்கிறார்கள். பிளாக்கில் இருக்கும் தண்ணீரில் பாதிக்கு மேல் அப்படியே நிற்கும். பிளாக்கின் பக்கவாட்டில், பெரும்பாலும் பின்பக்கமாக, தனியே ஒரு வடிகால் போல்ட் இருக்கிறது. அதைக் கழற்றுங்கள். கழற்றியும் தண்ணீர் வராவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், உள்ளே சேறு அடைத்திருக்கிறது. ஒரு கம்பியை வளைத்து உள்ளே விட்டுக் குடைந்தால் முதலில் கறுப்புக் களி வரும், அப்புறம் தண்ணீர் பீய்ச்சும். நான் அந்த வண்டியைப் பற்றித் தெரிந்துகொள்வது அந்தக் களியைப் பார்த்துத்தான்.

அடுத்து, வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் அலசுங்கள். மேல், கீழ் ஓஸ் இரண்டையும் கழற்றி, ரேடியேட்டரின் அடிவாயில் தோட்டத்து ஓஸைச் செருகித் தண்ணீரை மேலே தள்ளுங்கள். மேலிருந்து வந்து அடைத்த பொடி வந்த வழியே திரும்பும். பிளாக்குக்கு, சூடானதும் தண்ணீருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு அந்த வாய் வழியாகத் தண்ணீர் விடுங்கள், கீழே வடிகாலில் வரட்டும். வீட்டுக்குழாய் அழுத்தமே போதும். சர்வீஸ் ஸ்டேஷன் பம்பை ரேடியேட்டருக்குள் நேராகப் பிடித்து டேங்கின் பற்றைப் பிளந்துகொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ரேடியேட்டரையும் பிளாக்கையும் தனித்தனியாகத்தான் அலசவேண்டும். சேர்த்து அலசினால் பிளாக்கில் கிளம்பிய சில்லுகள் நேராக ரேடியேட்டர் குழாய்களில் போய் உட்காரும்.

சிட்ரிக் ஆசிட் போடலாம்னு சொல்றாங்க. எவ்வளவு, எப்படி?

போடலாம். கெட்டியான துருவுக்கும் வெள்ளைக் காரைக்கும் சேர்த்து வேலை செய்யும், கிடைப்பதும் எளிது. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் கொடுப்பார்கள். முதலில் வண்டியில் எத்தனை லிட்டர் கொள்கிறது என்பதை வடிக்கும்போதே வாளியில் அளந்துகொள்ளுங்கள். லிட்டருக்கு 40 முதல் 50 கிராம், அதாவது 10 லிட்டர் வண்டிக்கு அரைக் கிலோ வரை. வெந்நீரில் முழுதும் கரைத்துத்தான் ஊற்றவேண்டும். உள்ளே போய்க் கரையட்டும் என்று கட்டியாகப் போடாதீர்கள். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முந்தின கேள்வியில் சொன்ன வெறும் தண்ணீர் அலசலை முடித்த பிறகுதான் இது. தெர்மோஸ்டாட் இல்லாமல் எல்லாவற்றையும் மாட்டி, கரைசலை ஊற்றி, என்ஜினை ஓடவிட்டு 80 டிகிரி வரை சூடேற்றுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் சீக்கிரம் சூடேறாது, அதனால் ரேடியேட்டர் முன்னால் ஒரு அட்டையை வைத்து, முள்ளைப் பார்த்துக்கொண்டே இருங்கள். சூடு வந்த பின் 20 நிமிடம், கூடினால் அரை மணி. வார்ப்பிரும்பு பிளாக்கின்மேல் அலுமினிய ஹெட் உள்ள வண்டியில் அரை மணிக்கு மேல் கண்டிப்பாக வேண்டாம், அமிலம் அலுமினியத்தையும் தின்னும். ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று விட்டுவிட்டு வீட்டுக்குப் போகவும் கூடாது.

மேல் ஓஸ் ரேடியேட்டரில் சேரும் இடத்தில் மெல்லிய நைலான் காலுறைத் துண்டு ஒன்றைப் பை மாதிரி செருகி, ஓஸைப் போட்டு கிளிப்பை முறுக்கினால் சில்லுகள் அதில் மாட்டும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை என்ஜினை நிறுத்தி, ஓஸைத் தொடும் அளவு ஆறவிட்டு எடுத்துப் பாருங்கள். நிறைய நிறைந்திருந்தால் கொட்டிவிட்டுத் தொடருங்கள். கடைசியில் மறந்துபோய் உள்ளேயே விட்டுவிடாதீர்கள்.

வடித்ததும் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். அப்புறம் லிட்டருக்கு 10 கிராம் சமையல் சோடா கரைத்து 10 நிமிடம் ஓட்டினால் மூலைகளில் ஒளிந்த அமிலம் முறியும். சலவைக் காரம் வேண்டாம், அலுமினியத்துக்கு ஆகாது. மறுபடி இரண்டு முறை நல்ல தண்ணீர். இதெல்லாம் முடிந்த அன்றைக்கே துருத் தடுப்பு மருந்து கலந்த கூலண்ட் ஊற்றிவிட வேண்டும். அமிலம் பட்டு வெறுமையான இரும்பு ஒரே ராத்திரியில் மறுபடி சிவக்கும். வேலையைக் காலையில் ஆரம்பியுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

பாத்ரூம் கழுவுற ஆசிட்தான் வேகமா எடுக்கும். அது?

வேண்டவே வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவை எடுக்கும், கூடவே இரும்பையும் அலுமினியத்தையும் ஈயப் பற்றையும் எடுக்கும். மிச்சமாகும் குளோரைடு உள்ளே இருந்து அரித்துக்கொண்டே இருக்கும்.

தண்ணி மேல எண்ணெய் மிதக்குது. அப்படியே சிட்ரிக் ஊத்தலாமா?

கூடாது. எண்ணெய் படிந்த துருவில் அமிலம் ஏறாது. என்ஜின் ஆயில் தண்ணீருக்குள் வருகிறதென்றால் கேஸ்கட்டா, ஆயில் கூலரா, ஹெட்டில் விரிசலா என்று கண்டுபிடித்து முதலில் அடையுங்கள். சில பழைய வண்டிகளில் யாரோ துருப் பிடிக்காது என்று லேத்துப் பட்டறை எண்ணெயை ஊற்றியிருப்பார்கள், அதுவும் இப்படித்தான் மிதக்கும்.

காரணம் தீர்ந்த பின், பாத்திரம் கழுவும் மிஷினுக்கு விற்கும் நுரை குறைந்த பொடியைக் கொஞ்சம் கரைத்து, சூடாக 10 நிமிடம் ஓட்டி வடியுங்கள். நுரை வரும் சோப்புத்தூள் போட்டால் நுரை ரேடியேட்டர் மூடி வழியாகப் பொங்கும். கையில் தொட்டால் வழுக்காத தண்ணீர் வந்த பிறகு சிட்ரிக்குக்குப் போகலாம்.

முன்ன வச்சிருந்தவரு ஒழுக்குக்கு மஞ்சத்தூள் போட்டிருக்காரு. பரவாயில்லையா?

நடுவழியில் ஒழுகும்போது வீடு வந்து சேர மஞ்சள்தூள் உதவும், அதை நான் மறுக்கமாட்டேன். ராத்திரி ஏலக்காட்டு ரோட்டில் நிற்பவருக்கு வேறு வழி கிடையாது. ஆனால் வந்து சேர்ந்ததும் அதைக் கழுவி எடுத்திருக்கவேண்டும். மாதக்கணக்கில் கிடந்தால் துருவோடு சேர்ந்து களியாகி, குழாய்களின் மேல்வாயில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சிட்ரிக் அதைக் கரைக்காது.

இந்த வண்டிகளுக்கு நான் ரேடியேட்டரைக் கழற்றி, ரேடியேட்டர் கடைக்கே அனுப்பிவிடுவேன். செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்றால் மேல் டேங்கைச் சூடுகாட்டிப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் தட்டைக் கம்பி விட்டுத் தள்ளி, மறுபடி ஈயம் வைத்து மூடித் தருவார்கள். பிளாஸ்டிக் டேங்க் போட்ட அலுமினிய ரேடியேட்டரில் இந்த வேலை நடக்காது, மாற்றத்தான் வேண்டும்.

எத்தன தடவ அலசணும்? எப்ப நிறுத்துறது?

எண்ணிக்கை கிடையாது. வடியும் தண்ணீரை முதலில் சொன்ன மாதிரி கண்ணாடி டம்ளரில் பிடித்து, பின்னால் ஒரு செய்தித்தாளை வைத்துப் பாருங்கள். எழுத்து படிக்க முடிந்தால் போதும். மெல்லிய மஞ்சள் நிறம் இருந்தால் பரவாயில்லை. 30 வருஷ பிளாக் புதுசாகாது, அங்குலம் அங்குலமாகச் சுரண்டி எடுக்கவும் வேண்டியதில்லை. சிட்ரிக் ஓட்டம் இரண்டுக்கு மேல் நான் கொடுப்பதில்லை. இரண்டுக்கும் வராத களி, அமிலத்தால் வராது.

கழுவுற வரைக்கும் நல்லா இருந்துச்சு. கழுவினதும் ஒழுகுது. நீங்கதான் கெடுத்தீங்க?

இந்தக் கேள்வி நியாயமானதுதான், கேட்பவரின் வருத்தமும் எனக்குப் புரிகிறது. ஓட்டை முன்பே இருந்தது, துருதான் அதை அடைத்துக்கொண்டிருந்தது. பிளாக்கின் பக்கவாட்டில் வட்டத் தகட்டு மூடிகள் அடித்திருக்கும், வெல்ச் பிளக் என்போம். உள்ளிருந்து அரித்து அரித்துக் காகிதம் மாதிரி ஆகியிருக்கும். கழுவினால் முதலில் ஒழுகுவது அவைதான். விலை அதிகமில்லை, பின்பக்கத்து மூடிகளுக்குக் கை போகாததால் கூலிதான் கூடும்.

அதனால் வேலையை எடுக்கும் முன்பே வண்டிக்காரரிடம் இதைச் சொல்லிவிடுகிறேன். பட்டறை வாசலில் ஒழுகுவது நல்லது. இல்லாவிட்டால் அந்தத் துரு அடைப்பு என்றைக்காவது மலையடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டி மேட்டில், வண்டி நிறைய ஆளோடு விட்டுப்போகும்.

தெர்மோஸ்டாட்டக் கழட்டி எறிஞ்சுட்டா கூலா இருக்கும்னு சொன்னாங்க. எறிஞ்சுட்டோம்.

புதிது வாங்கிப் போடுங்கள். கழுவும் நேரத்துக்கு மட்டும்தான் அது வெளியே இருக்கவேண்டும். அது இல்லாவிட்டால் மலைக் காலைக் குளிரில் டீசல் என்ஜின் சூடேறாமலே ஓடும். புகை தள்ளும், டீசல் கூடும், சிலிண்டர் தேயும். சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடும். அதை எடுத்துவிட்டால் ஒரு பகுதித் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும், மேட்டில் சூடு கூடத்தான் செய்யும்.

பழசு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, நூலில் கட்டி அடுப்பில் சூடேறும் தண்ணீரில் தொங்கவிடுங்கள். 82 என்று எழுதியிருந்தால் அந்தச் சூட்டில் வாய் திறக்க ஆரம்பிக்கவேண்டும்.

கூலண்ட் பச்சையா, செவப்பா? நமக்கெதுக்கு அது, இங்க என்ன பனியா பெய்யுது?

மூணாறு, வட்டவடைப் பக்கம் ஜனவரியில் உறைபனி விழுகிறது என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் கூலண்ட் ஊற்றச் சொல்வது பனிக்காக மட்டும் அல்ல. அதில் இருக்கும் துருத் தடுப்பு மருந்துதான் நமக்கு முக்கியம், கொதிநிலை கூடுவது அடுத்தது. நிறத்தை நம்பாதீர்கள், ஒவ்வொரு கம்பெனியும் ஒரு சாயம் போடுகிறது. டப்பாவில் ஐ.எஸ். 5759 அல்லது ஜே.ஐ.எஸ். கே 2234 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஈயப் பற்று வைத்த செம்பு ரேடியேட்டருக்குப் பழைய வகை கூலண்டே நல்லது. அதை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். இரண்டு வகையைக் கலக்காதீர்கள்.

கெட்டிக் கூலண்ட் என்றால் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல், பாதிக்கு மேல் போகாமல் கலக்குங்கள். தண்ணீர் பெட்ரோல் பங்க்கில் விற்கும் பேட்டரி தண்ணீர்தான். ஊற்றும்போது வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்து நிற்கட்டும், ஓஸ்களைக் கையால் பிசைந்துவிடுங்கள், காற்று வெளியேறும்.

அழுக்குத் தண்ணிய ஓடையில விட்டுறலாமா?

விடாதீர்கள். பழைய கூலண்டில் இருக்கும் கிளைக்கால் இனிக்கும். நாயும் ஆடும் நக்கிக் குடிக்கும், சிறுநீரகம் போய்ச் செத்துப்போகும். மேலிருந்து இறங்கும் தண்ணீரைத்தான் கீழே வயலுக்கும் வீட்டுக்கும் எடுக்கிறோம். மூடி உள்ள கேனில் பிடித்து வைத்து, கழிவு ஆயில் எடுக்க வருபவரிடம் தனிக் கேனாகவே கொடுங்கள். ஆயிலோடு கலந்தால் வாங்கமாட்டார்.

எல்லாம் நீங்க சொன்னபடி செஞ்சோம். மூணு மாசத்துல மறுபடி செவப்பு. ஏன்?

காற்று எங்கோ உள்ளே வருகிறது. ஓட்டத்தில் வாட்டர் பம்ப் கீழ் ஓஸிலிருந்து தண்ணீரை உறிஞ்சுகிறது. அந்தப் பக்கம் கிளிப் கொஞ்சம் தளர்ந்தால் தண்ணீர் சொட்டாது, காற்றை மட்டும் உள்ளே இழுக்கும். வெளியே ஈரம் இல்லாததால் யாரும் பார்ப்பதில்லை. அடுத்தது மூடியின் நடுவில் இருக்கும் சின்ன வால்வு. வண்டி ஆறும்போது பக்கத்து டப்பாவிலிருந்து அதன் வழியாகத்தான் கூலண்ட் திரும்பி வரும். டப்பாவுக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தால் ஒவ்வொரு ராத்திரியும் கூலண்டுக்குப் பதில் காற்று உள்ளே போகும். மூன்றாவது, முன்பே சொன்ன கேஸ்கட் குமிழி.

வண்டன்மேட்டிலிருந்து ஒரு ஜீப் இதே குறையோடு மூன்று முறை என்னிடம் வந்தது. இரண்டு முறை கழுவி அனுப்பினேன், கூலி வாங்கவே கஷ்டமாக இருந்தது. மூன்றாம் முறை கழுவவில்லை. மேல் டேங்க் வாயில் ஒரு தெளிந்த பிளாஸ்டிக் குழாயை ரப்பர் அடைப்பில் செருகி, என்ஜினை வேகமாக ஓட்டிப் பார்த்தேன். ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்தபோது குமிழி இல்லை, அதனால் குறை கேஸ்கட்டில் இல்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தபோது மட்டும் பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. கீழ் ஓஸின் கிளிப்பில் சோப்புத் தண்ணீர் தடவினேன், குமிழி நின்றது. பித்தளை வாய் களிம்பேறி மேடுபள்ளமாக இருந்ததால் எவ்வளவு முறுக்கினாலும் ஓஸ் சரியாக உட்காரவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது ஓஸும் இரண்டு கிளிப்பும் மாட்டி அனுப்பினேன். போன ஏல அறுவடைக்கு முன் ஆயில் மாற்ற வந்தபோது மூடியைத் திறந்து பார்த்தேன். கூலண்ட் பச்சையாகவே இருந்தது.